வெப்பமும் மருந்தும் கைகோக்கும்போது: மூளைப் புற்றுநோய் பற்றிய ஒரு விளக்கம்



வெப்பத்தையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து மூளைப் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் அவ்வப்போது வருவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு செய்தி வந்த சில நாட்களுக்குள், அதைக் கத்தரித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் வார்டு வராந்தாவில் காத்திருப்பார். மகனுக்காக ஒரு தகப்பனார் நிற்பார். கணவனுக்காக ஒரு மனைவி நிற்பார். "ஐயா, இது நிஜந்தானா? எங்கே போனால் இந்த வைத்தியம் கிடைக்கும்? இருக்கிற நிலத்தை விற்றாவது கூட்டிக்கொண்டு போகிறோம்" என்பார்கள்.

நான் இறையியல் படித்தவன். மருத்துவம் படித்தவன் அல்லன். ஆனாலும் டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை ஜனங்கள் மருத்துவமனைப் போதகரிடம் கேட்பது வழக்கம். சரியான பதில் சொல்ல வேண்டுமானால் விஷயத்தைத் தெரிந்துகொண்டுதான் சொல்ல வேண்டும். எனவே இத்துறையில் நடந்திருக்கிற வேலைகளைப் படித்து, புரிந்துகொண்ட மட்டும் இங்கே எளிமையாக எழுதுகிறேன். இந்த முயற்சியில் உண்மையான நம்பிக்கைக்கு இடம் உண்டு. ஆனால் நிலத்தை விற்பதற்கு அது இன்னும் காரணமாகிவிடவில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்?

மூளையில் வரும் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. அறுவைச் சிகிச்சையோடு முற்றிலும் குணமாகிவிடும் கட்டிகளும் உண்டு. நாம் இங்கே பேசுவது கிளியோபிளாஸ்டோமா என்னும் நோயைப் பற்றி. வயதுவந்தோருக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுநோய்களில் அதிகமாகக் காணப்படுவதும், மிகக் கடுமையானதும் இதுதான். நரம்புச் செல்களுக்குத் துணையாக நின்று அவற்றைப் பராமரிக்கும் வேறு வகைச் செல்கள் மூளையில் உண்டு. அந்தத் துணைச் செல்களின் வகையைச் சேர்ந்த புற்றுநோய் இது.

இந்தக் கட்டிக்குத் தெளிவான எல்லை கிடையாது. அருகம்புல்லைப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும். மேலே தெரிவதைப் பிடுங்கினாலும் மண்ணுக்குள் ஓடிய வேர் மறுபடியும் துளிர்க்கும். அதுபோலவே கிளியோபிளாஸ்டோமாவின் செல்கள் சுற்றிலும் உள்ள நல்ல மூளைக்குள் ஊடுருவிப் போயிருக்கும். வயிற்றிலோ மார்பிலோ என்றால் சுற்றியுள்ள சதையையும் சேர்த்து எடுத்துவிடலாம். மூளையில் அப்படிச் செய்தால் பேச்சு போகும், நடை போகும், நினைவு போகும்.

எனவே இயன்ற அளவு கட்டியை அகற்றிவிட்டு, ஆறு வாரம் கதிர்வீச்சும், அதோடு டெமோசோலோமைடு என்னும் மாத்திரையும் கொடுக்கிறார்கள். கதிர்வீச்சு முடிந்த பின்னும் மாதத்துக்கு ஐந்து நாள் வீதம் மாத்திரை தொடரும். 2005ஆம் ஆண்டு வெளியான 573 நோயாளிகளின் ஆய்வு ஒன்றிலிருந்து இந்த முறை உலகெங்கும் நிலைபெற்றது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 100க்கு 10 பேர் இரண்டு ஆண்டுக்கு மேல் உயிரோடிருந்தார்கள். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 26 பேர் இருந்தார்கள். சராசரி ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. இது முன்னேற்றந்தான். என்றாலும் போதாது என்பதை டாக்டர்களே முதலில் ஒப்புக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நோய் திரும்பி வரும்போது பெரும்பாலும் பழைய இடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே திரும்பி வருகிறது. அந்தக் குறுகிய இடத்தில் மிஞ்சியிருக்கும் செல்களை இன்னும் பலமாகத் தாக்க வழியுண்டா என்ற கேள்வியிலிருந்துதான் வெப்பத்தின் கதை தொடங்குகிறது.

மருந்து மட்டும் ஏன் போதவில்லை?

இதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. முதலாவது, மருந்து உள்ளே நுழைவதே கடினம். 1885ஆம் ஆண்டில் பவுல் எர்லிக் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி, விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். உடம்பின் உறுப்புகள் எல்லாம் நிறம் ஏறின. மூளை மட்டும் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. பிற்காலத்தில் இதன் காரணம் விளங்கிற்று. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் இடைவெளியே இல்லாதபடி நெருக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. இரத்தத்தில் வரும் நச்சுப் பொருள்கள் மூளையைத் தொடாதபடி காக்கும் மதில் இது. நல்ல காலத்தில் நம்மைக் காக்கும் அந்த மதிலே, நோய்க்காலத்தில் மருந்தையும் வெளியே நிறுத்திவிடுகிறது. டெமோசோலோமைடு இந்த மதிலைத் தாண்டக்கூடிய சில மருந்துகளில் ஒன்று. அதுகூட இரத்தத்தில் உள்ள அளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் மூளையைச் சூழ்ந்த நீரை அடைகிறது.

இரண்டாவது காரணம், புற்றுநோய்ச் செல்லுக்குத் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளத் தெரியும். டெமோசோலோமைடு செல்லின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வில் ஒரு சிறு இரசாயன முத்திரையைக் குத்துகிறது. செல் இரண்டாகப் பிரிவதற்காக அந்த டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும்போது இந்த முத்திரை தடையாக நின்று, முடிவில் இழையே அறுந்து, செல் சாகிறது. ஆனால் எம்.ஜி.எம்.டி. என்னும் ஒரு புரதம் அந்த முத்திரையைப் பிய்த்தெடுத்துவிடும். இந்தப் புரதம் மிகுதியாக உள்ள கட்டியில் மருந்தின் வேலை பெரும்பாலும் வீணாகிறது. மேலே சொன்ன 2005ஆம் ஆண்டு ஆய்வில், கதிர்வீச்சும் மாத்திரையும் பெற்றவர்களுக்குள் இந்தப் புரதத்தின் மரபணு அடங்கியிருந்தவர்களின் சராசரி ஆயுள் 21.7 மாதம், அடங்காதவர்களுக்கு 12.7 மாதம். ஒரே மருந்து, ஒரே அளவு. பலனில் இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே மதிலைத் திறக்கவும் பழுதுபார்க்கும் வேலையை நிறுத்தவும் ஏதேனும் ஒரு துணை கிடைத்தால், பழைய மருந்தே புதிய மருந்தைப் போல வேலை செய்யக்கூடும் அல்லவா? வெப்பத்தைத் தேடிப் போனதற்கு இதுவே காரணம்.

வெப்பம் என்ன செய்கிறது?

காய்ச்சலுக்கும் கட்டிக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் வெகுகாலமாகக் கவனித்திருக்கிறார்கள். 1866ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பான் நகரத்து அறுவைச் சிகிச்சை நிபுணர் வில்ஹெல்ம் புஷ், முகத்தில் கட்டியுள்ள ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அவருக்குக் கடுமையான தோல் தொற்றும் காய்ச்சலும் வந்தபோது கட்டி கரைந்து போயிற்று. 1890களில் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்பவர் வேண்டுமென்றே கிருமிகளின் மூலம் காய்ச்சலை வரவழைத்துக் கட்டிகளுக்குச் சிகிச்சை செய்தார். காய்ச்சலின் சூடு மட்டுமல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்தெழுந்ததும் அந்தப் பலன்களுக்குக் காரணம் என்று இன்று கருதுகிறார்கள். சூட்டை மட்டும் பிரித்தெடுத்து, அளந்து, நேரம் குறித்து ஆராய்வது பின்னர்தான் வளர்ந்தது.

நம் உடம்பின் இயல்பான சூடு 37 டிகிரி சென்டிகிரேடு. வெப்பச் சிகிச்சையில் கட்டியைச் சுமார் 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். வீட்டுத் தெர்மாமீட்டர் கணக்கில் 42 டிகிரி என்பது 107.6 டிகிரி பாரன்ஹீட்டுக்குச் சமம். இந்தச் சூட்டில் எதுவும் பொசுங்குவதில்லை, கருகுவதில்லை. ஆனால் செல்லுக்குள் பல மாற்றங்கள் நிகழ்கின்றன.

முட்டையின் வெண்கரு சூட்டில் தன் உருவம் மாறி இறுகுவதைப் பார்த்திருக்கிறோம். வெண்கரு ஒரு புரதம். செல்லின் வேலைகளைச் செய்வதும் புரதங்கள்தான். 42, 43 டிகிரியில் அவற்றில் மென்மையானவை தங்கள் மடிப்புக் குலைந்து செயலிழக்கத் தொடங்குகின்றன. அப்படிச் செயலிழப்பவற்றில் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் புரதங்களும் உண்டு. 2011ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர ஆராய்ச்சியாளர்கள், 41 முதல் 42.5 டிகிரி வரையுள்ள மிதமான சூட்டிலேயே பி.ஆர்.சி.ஏ.2 என்னும் முக்கியமான பழுதுபார்க்கும் புரதம் சிதைந்துபோவதைக் காட்டினார்கள். அறுந்த டி.என்.ஏ. இழையை ஒட்டவைப்பதற்குத் தேவையான புரதம் அது.

கட்டிக்குள் இரத்தக் குழாய்கள் ஒழுங்கில்லாமல் வளர்ந்திருப்பதால், சில பகுதிகளில் பிராணவாயு குறைந்தும் அமிலத்தன்மை மிகுந்தும் இருக்கும். அப்படிப்பட்ட பகுதிகளில் கதிர்வீச்சு சரியாக வேலை செய்வதில்லை. வெப்பமோ அங்கேதான் கூடுதலாகத் தாக்குகிறது. ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று பிடித்துக்கொள்கிறது என்று சொல்லலாம்.

சூட்டின் அளவுக்கும் நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1984ஆம் ஆண்டில் சப்பரெட்டோ, டூயி என்னும் இருவர் இதை வகுத்தார்கள். 43 டிகிரியில் 60 நிமிடம் செய்யும் வேலையை 44 டிகிரியில் 30 நிமிடம் செய்துவிடும். 45 டிகிரியில் 15 நிமிடம் போதும். ஆனால் 42 டிகிரிக்கு இறங்கினால் அதே வேலைக்கு நான்கு மணி நேரம் ஆகும். ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் பலன் எவ்வளவு மாறிவிடுகிறது என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

செல்லும் சும்மா இருப்பதில்லை. 1962ஆம் ஆண்டில் ஃபெருச்சியோ ரித்தோசா என்னும் இத்தாலிய விஞ்ஞானி பழ ஈக்களை ஆராய்ந்தபோது, தற்செயலாகச் சூடேறிவிட்ட ஈக்களின் செல்களில் வழக்கத்துக்கு மாறான மரபணுக்கள் விழித்தெழுந்ததைக் கண்டார். பிற்காலத்தில் அவை உண்டாக்கும் பொருள்களுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர் வந்தது. குலைந்த புரதங்களை மீண்டும் மடித்து நிமிர்த்துவது அவற்றின் வேலை. ஒருமுறை சூடுபட்ட செல் இவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அடுத்த ஓரிரு நாட்களுக்குச் சூட்டைத் தாங்கப் பழகிவிடுகிறது. எனவேதான் வெப்பச் சிகிச்சையைத் தினமும் கொடுக்காமல், பெரும்பாலும் வாரத்துக்கு ஓரிரு முறை இடைவெளி விட்டுக் கொடுக்கிறார்கள்.

இரண்டும் சேரும்போது

வெப்பமும் மருந்தும் சேரும்போது கிடைக்கும் நன்மைகளை மூன்றாகச் சொல்லலாம். மிதமான சூட்டில் இரத்த ஓட்டம் கூடுகிறது, குழாய்ச் சுவர்கள் சற்றே இளகுகின்றன. அதனால் மருந்து கூடுதலாக வந்து சேருகிறது. வந்த மருந்தின் இரசாயன வேலை சூட்டில் வேகமாக நடக்கிறது. மருந்து உண்டாக்கிய சேதத்தைச் செல் சரிசெய்ய முடியாதபடி அதன் பழுதுபார்க்கும் புரதங்கள் முடங்குகின்றன.

ஆனால் எல்லா மருந்துகளும் வெப்பத்தோடு ஒத்துப்போவதில்லை. டி.என்.ஏ.வை நேரடியாகத் தாக்கும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளின் பலம் சூடு ஏற ஏறப் படிப்படியாகக் கூடுகிறது. டாக்சோரூபிசின் போன்றவை ஏறக்குறைய 42, 43 டிகிரியைத் தாண்டிய பிறகே கூடுதல் பலம் காட்டுகின்றன. வேறு சிலவற்றுக்குச் சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கிளியோபிளாஸ்டோமாச் செல்களை ஆய்வுக்கூடத் தட்டுகளில் வளர்த்து, டெமோசோலோமைடையும் வெப்பத்தையும் ஒருங்கே கொடுத்தபோது, தனித்தனியே கொடுத்ததைவிட அதிகமான செல்கள் இறப்பதைக் கண்டிருக்கிறார்கள். பத்திரிகைச் செய்திகள் பெரும்பாலும் இத்தகைய சோதனைகளைப் பற்றியவையே.

உடம்பின் மற்ற பகுதிகளில் இந்தக் கூட்டு முயற்சி ஆய்வுக்கூடத்தைத் தாண்டி நோயாளிகளிடத்திலேயே பலன் காட்டியிருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், முற்றிய சூலகப் புற்றுநோய் உள்ள 245 பெண்கள் பங்குபெற்றார்கள். அறுவையின் முடிவில், சூடாக்கிய சிஸ்பிளாட்டின் கரைசலைக் கொண்டு ஒரு பிரிவினரின் வயிற்றினுள் கழுவினார்கள். அவர்களுடைய சராசரி ஆயுள் 45.7 மாதம், மற்றவர்களுக்கு 33.9 மாதம். தசை முதலிய மென்திசுக்களில் வரும் சார்கோமா என்னும் புற்றுநோயிலும், 341 பேர் பங்குபெற்ற ஐரோப்பிய ஆய்வில், மருந்தோடு வெப்பமும் பெற்றவர்களில் 100க்கு 52 பேருக்குமேல் பத்து ஆண்டு கழித்தும் உயிரோடிருந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் அது 42ஐச் சற்றே தாண்டியது. ஆகையால் வெப்பமும் மருந்தும் சேருவது வெறும் கற்பனை அல்ல.

மூளைக்குள் சூட்டைக் கொண்டுபோவது எப்படி?

வயிற்றுக்குள் வெந்நீர் போன்ற கரைசலை ஊற்றிக் கழுவலாம். தொடையைச் சுற்றிக் கருவியை வைக்கலாம். மூளைக்கு அப்படிச் செய்ய இயலாது. உடம்பின் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் இருதயம் அனுப்பும் இரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அங்கே பாய்கிறது. மோட்டார் வண்டியின் ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் இஞ்சின் சூட்டை எடுத்துச் செல்வதுபோல, இந்த இரத்தம் உள்ளே விழும் வெப்பத்தை ஓயாமல் எடுத்துச் சென்றுவிடும். வெளியே மண்டையோடு தடுத்து நிற்கிறது. சூடு அளவு மீறினால் நல்ல மூளையும் கெடும். வீக்கம் உண்டானால் மண்டைக்குள் விரிவதற்கு இடமில்லை. இத்தனைக்கும் நடுவே கட்டியை மட்டும், வேண்டிய அளவு மட்டும், வேண்டிய நேரம் மட்டும் சூடாக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகளை முயன்றிருக்கிறார்கள்.

முதலாவது வழி, கட்டிக்குள் மெல்லிய குழாய்களைச் செருகி, அவற்றின் வழியே நுண்ணலைக் கம்பிகளை நுழைத்துச் சூடாக்குவது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து பார்த்து, 1998ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகள் எல்லாரும் வெளிக் கதிர்வீச்சையும் ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்தையும் பெற்றார்கள். பிறகு 79 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, எல்லாருக்கும் கட்டிக்குள்ளேயே கதிரியக்கப் பொருளை வைத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மாத்திரம் அதற்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் வெப்பம் கொடுத்தார்கள். வெப்பம் பெற்றவர்களில் 100க்கு 31 பேர் வீதம் இரண்டு ஆண்டு கடந்தார்கள். பெறாதவர்களில் 15 பேர் வீதம் கடந்தார்கள். பக்கவிளைவுகளும் வெப்பம் பெற்றவர்களுக்கே அதிகமாக இருந்தன. வெப்பம் இங்கே முக்கியமாகத் துணை நின்றது கதிர்வீச்சுக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது வழி, மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள் கலந்த திரவத்தைக் கட்டிக்குள் செலுத்தி, வெளியிலிருந்து மாறி மாறித் திரும்பும் காந்தப்புலத்தால் அவற்றைச் சூடாக்குவது. பெர்லினில் வளர்ந்த முறை இது. நோய் திரும்பி வந்த 59 பேருக்கு இதையும், குறைந்த அளவு கதிர்வீச்சையும் கொடுத்து, 2011ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நோய் திரும்பியது தெரிந்த நாளிலிருந்து அவர்களுடைய சராசரி ஆயுள் 13.4 மாதமாக இருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது பிரிவு இல்லாததால், எவ்வளவு பலன் வெப்பத்தினால் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பல்லில் அடைத்த உலோகத்தைக்கூட முன்னதாக எடுத்துவிட வேண்டியிருந்தது. துகள்கள் உள்ளே தங்கிவிடுவதால் பிறகு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக் கட்டியைக் கண்காணிப்பதும் கடினமாயிற்று. இந்த முறையை நடத்திவந்த நிறுவனம் 2022ஆம் ஆண்டில் நொடித்துப்போயிற்று. நல்ல யோசனை ஒன்று நோயாளியின் கட்டிலை வந்தடைவதற்குப் பணமும் காலமும் எவ்வளவு தேவைப்படுகின்றன என்பதற்கு இது ஓர் உதாரணம்.

மூன்றாவது வழி லேசர். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய இழையைக் கட்டிக்குள் செலுத்தி, எம்.ஆர்.ஐ. கருவியில் சூட்டின் அளவைப் பார்த்துக்கொண்டே கட்டியைப் பொசுக்குகிறார்கள். நாம் இதுவரை பேசிய மிதமான சூடு அல்ல இது. நடுவில் செல்களை நேரடியாகக் கொல்லும் அளவு சூடு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட கருவிகள் பயன்பாட்டில் உள்ளன. இதில் நம் விஷயத்துக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், லேசர் பட்ட இடத்தைச் சுற்றியுள்ள பகுதியில் மூளையின் அந்த மதில் சில வாரங்களுக்குத் திறந்திருப்பதைக் கண்டார்கள். ஆரம்பத்தில் நன்றாகத் திறந்து, நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் மெல்ல மூடிக்கொள்கிறது. புற்றுநோயின் வேர் ஒளிந்திருப்பது அந்தச் சுற்றுப்பகுதியில்தான் அல்லவா? வழக்கமாக மதிலைத் தாண்ட முடியாத மருந்துகளை அந்தச் சில வாரங்களுக்குள் உள்ளே அனுப்பலாம் என்ற நோக்கத்தோடு ஆராய்ச்சிகள் தொடங்கியிருக்கின்றன.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு யோசனையும் உண்டு. மருந்தை மிக நுண்ணிய கொழுப்பு உறைகளுக்குள் அடைத்து இரத்தத்தில் விடுவது அது. மார்கழிக் குளிரில் உறைந்த நெய் அடுப்பருகே வைத்ததும் உருகுவதுபோல, சூடாக்கிய இடத்துக்கு வந்ததும் உறை இளகி மருந்தைக் கொட்டிவிடும். 1978ஆம் ஆண்டிலேயே இந்த எண்ணம் வெளியிடப்பட்டது. ஆனால் ஈரல் புற்றுநோய் உள்ள 701 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் இது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 2013ஆம் ஆண்டில் தெரியவந்தது. விலங்குகளில் நன்றாக வேலை செய்தது மனிதரிடத்தில் தோற்றுப்போவது மருத்துவ வரலாற்றில் புதிதல்ல.

தட்டில் இறந்த செல்லும் கட்டிலில் இருக்கும் மனிதரும்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இது நிஜந்தானா? நிஜந்தான். வெப்பமும் மருந்தும் சேர்ந்தால் மூளைப் புற்றுநோய்ச் செல்கள் அதிகமாகச் சாகின்றன. ஆனால் அந்தச் செல்கள் கண்ணாடித் தட்டில் இருந்தவை. அங்கே இரத்த ஓட்டம் இல்லை, மண்டையோடு இல்லை, காப்பாற்ற வேண்டிய நல்ல மூளையும் பக்கத்தில் இல்லை. தட்டு முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்கிவிடலாம். மனிதரின் தலையில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கே எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை மேலே பார்த்தோம்.

கிளியோபிளாஸ்டோமாவுக்கு மருந்தோடு வெப்பமும் சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் நீடிக்கிறது என்று, பல நூறு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய பெரிய ஆய்வு எதுவும் இதுவரை நிலைநாட்டவில்லை. எனவே அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலோமைடு என்னும் மூன்றுமே இன்றும் முதல் சிகிச்சையாக நிற்கின்றன. இதைச் சொல்லும்போது சிலர் முகம் வாடுவதைப் பார்க்கிறேன். ஆனாலும் உண்மையைச் சொல்வதே ஆறுதலின் தொடக்கம் என்று இத்தனை ஆண்டு படுக்கைகளின் அருகே நின்று கற்றுக்கொண்டிருக்கிறேன். பொய்யான நம்பிக்கை நோயாளிக்கு மீதமிருக்கும் நல்ல நாட்களை இரயில் பயணத்திலும் கடனிலும் கரைத்துவிடும். உள்ளதை உள்ளபடி அறிந்த குடும்பமோ அந்த நாட்களில் சேர்ந்து உட்கார்ந்து பேசும், சாப்பிடும், மனஸ்தாபங்களைத் தீர்த்துக்கொள்ளும்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

இந்த விஷயத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் வீட்டில் சில தவறுகளைச் செய்துவிடக் கூடும். எனவே நடைமுறைக்குத் தேவையான சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

1. தலைக்கு ஒத்தடம் கொடுப்பதாலோ, ஆவி பிடிப்பதாலோ, வெந்நீரில் குளிப்பாட்டுவதாலோ கட்டி சூடாகாது. தோலும் எலும்பும் தடுத்துவிடும். தப்பி உள்ளே போகும் சிறிதளவு சூட்டை இரத்தம் எடுத்துச் சென்றுவிடும். அறுவையும் கதிர்வீச்சும் பட்ட தோல் மென்மையாகவும் மரத்தும் இருக்கும். ஒத்தடத்தினால் அது வெந்துபோகலாம். நோயாளிக்கு அது தெரியாமலும் போகலாம்.

2. எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. சூடு நல்லது என்று கேள்விப்பட்டு, நோயாளிக்கு வரும் காய்ச்சலை நன்மையென்று எண்ணி விட்டுவிடக் கூடாது. டெமோசோலோமைடு இரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடிய மருந்து. அந்த நேரத்தில் வரும் காய்ச்சல் ஆபத்தான தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். காய்ச்சல் வலிப்பையும் தூண்டலாம். மூளை வீக்கத்துக்காக டெக்சாமெத்தசோன் எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் மறைந்தும் இருக்கும். ஆகவே தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், இரவென்றும் பகலென்றும் பாராமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். காய்ச்சல் தெரியாவிட்டாலும், நடுக்கமோ திடீர்ச் சோர்வோ கண்டால் காத்திருக்க வேண்டாம்.

3. வேறெங்கோ வெப்பச் சிகிச்சை தருவதாகக் கேள்விப்பட்டு, நடந்துகொண்டிருக்கும் மாத்திரையையோ கதிர்வீச்சையோ பாதியில் நிறுத்தக் கூடாது. இதுவரை நடந்த நல்ல ஆய்வுகளில் வெப்பம் துணையாகவே நின்றிருக்கிறது. மற்றச் சிகிச்சைகளின் இடத்தைப் பிடிக்கவில்லை.

4. எந்தப் புதிய சிகிச்சையைப் பற்றிக் கேட்டாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது தட்டிலா, விலங்கிலா, மனிதரிலா செய்து பார்த்தது? மனிதரில் என்றால் எத்தனை பேர்? இந்தச் சிகிச்சை பெறாத ஒரு பிரிவினரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? பணம் கேட்கிறார்களா? முறையான ஆராய்ச்சியில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பெருந்தொகை வாங்குவது வழக்கமில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதியும், நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதிய ஒப்புதல் படிவமும் இருக்க வேண்டும்.

5. கட்டியின் எம்.ஜி.எம்.டி. பரிசோதனையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை எவ்வளவு தூரம் உதவும் என்பதை முன்கூட்டியே ஓரளவு அறிய அது வழிசெய்யும். வயது முதிர்ந்தவர்களுக்குச் சிகிச்சையைத் தீர்மானிக்கும்போது அது இன்னும் முக்கியமாகிறது.

பத்திரிகைத் துண்டைக் கையில் கொண்டுவருகிறவர்களை நாம் எள்ளி நகையாடக் கூடாது. அவர்கள் தேடுவது அன்பினாலே. அந்தத் துண்டை வாங்கிப் படித்து, இது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் மருத்துவமனை செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்றுதான். 1885இல் எர்லிக் கண்ட அந்த மதிலைச் சில வாரங்களுக்காவது திறக்க மனிதன் கற்றுக்கொள்ள நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தத் திறந்த வாசல் வழியே சரியான மருந்தை, சரியான நேரத்தில், சரியான சூட்டோடு அனுப்புவதற்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆகும் என்று யாராலும் சொல்ல இயலாது. வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை, கையில் இருக்கும் சிகிச்சையை ஒழுங்காகக் கொடுப்பதும், காய்ச்சலைக் கவனிப்பதும், நோயாளியைத் தனியே விடாதிருப்பதும் நம்மால் இன்றைக்கே செய்யக்கூடியவை.